ஒரு குழந்தையின் இதயமும் ஒரு வட்ஸ்அப் செய்தியும்



ரமழான் நெருங்கினால் நமது வட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு செய்தி வந்துவிடும். "நோன்பு நோற்றால் உடம்பு தன்னைத் தானே சுத்தம் செய்கிறது, இதயநோய் குணமாகிறது என்று கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல் பரிசு." நாமும் மாஷா அல்லாஹ் என்று எழுதி அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த ஜப்பானியர் உண்மையில் எதைக் கண்டார் என்று தேடிப் போனால், கதை அவருக்கு வெகு முன்னரே, ஒல்லாந்தில் ஒரு சிறு குழந்தையின் இதயத்தில் தொடங்குவது தெரிய வரும்.

1930 டிசம்பர் 27ஆம் திகதி, ஆம்ஸ்டர்டாமில் நிமோனியாவால் இறந்த ஏழு மாதப் பெண் குழந்தையொன்றுக்குப் பிரேத பரிசோதனை நடந்தது. செய்தவர் யொஹான்னஸ் பொம்பே என்ற இளம் நோயியல் வைத்தியர். குழந்தையின் இதயம் அந்த வயதுக்கு மிகப் பெரிதாக இருந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இதயத் தசை வலை பின்னியது போலத் தெரிந்தது. கலங்களுக்குள் உடம்பு சேமித்து வைக்கும் கிளைக்கோசன் தேங்கிக் கிடந்தது. 1932இல் அதை எழுதி வெளியிட்டார். ஏன் தேங்கியது என்பதற்கு அன்று யாரிடமும் விடை இல்லை.

விடையைக் காண பொம்பேக்கும் கொடுத்து வைக்கவில்லை. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவியதற்காகக் கைது செய்யப்பட்ட அவர், 1945 ஏப்ரல் 15இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒல்லாந்து விடுதலை பெற அப்போது இருபதே நாட்கள் இருந்தன.

விடை பெல்ஜியத்திலிருந்து வந்தது. 1949இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டுவே எலியின் ஈரலில் ஒரு நொதியத்தை அளந்தார். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. மாதிரியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களின் பின் அளந்தபோது அளவு கூடியிருந்தது. நொதியம் ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை பழுதாகும்போது வெளியே வருகிறது என்று அவர் விளங்கிக்கொண்டார். 1955இல் அந்தப் பைக்கு இலைசோசோம் என்று பெயர் வைத்தார். கலத்தின் குப்பை செரிக்கப்படும் இடம் அது. பழுதான தனது பாகங்களையே கலம் பொதியாகக் கட்டி அந்தப் பைக்குள் போட்டுச் செரிக்கிறது. இந்த வேலைக்கு 1963இல் இலண்டனில் நடந்த கருத்தரங்கொன்றில் டி டுவே இட்ட பெயர்தான் ஒட்டோபேஜி. தன்னைத் தானே தின்னுதல் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

அதே 1963இல், அதே லூவேனில், ஹென்றி ஹேர்ஸ் என்பவர் பொம்பேயின் புதிரை அவிழ்த்தார். இலைசோசோமுக்குள் கிளைக்கோசனை உடைக்க வேண்டிய நொதியம் அந்த நோயுள்ள குழந்தைகளிடம் இல்லை. குப்பை வந்து சேர்கிறது, செரிக்க வழியில்லை, இதயம் பெருக்கிறது. இன்று அதன் பெயர் பொம்பே நோய். இல்லாத நொதியத்தை நாளத்தினூடாக ஏற்றும் சிகிச்சைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2006இல்தான் அனுமதி கிடைத்தது. அந்தப் பிரேத பரிசோதனைக்கும் இந்த மருந்துக்கும் இடையில் 76 வருடங்கள்.

இந்தத் துப்புரவு வேலை இதயத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? தோலின் கலங்களைப் போல இதயத் தசையின் கலங்கள் அடிக்கடி புதிதாக வருவதில்லை. 25 வயதிலேயே வருடத்துக்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான் புதுப்பிக்கப்படுகிறது என்று 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வயது போகப் போக அதுவும் குறைகிறது. இருக்கிற கலத்தைத் துப்புரவாக வைத்திருந்துதான் இதயம் காலம் தள்ள வேண்டும்.

இனி வட்ஸ்அப் சொல்லும் ஜப்பானியர். யொஷினோரி ஓசுமி 1988இல் தனது 43ஆவது வயதில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்தமாக ஒரு சிறு ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். அவர் ஆராய்ந்தது பாண் புளிக்கப் பயன்படும் மதுவத்தை. செரிக்கும் நொதியங்கள் இல்லாத மதுவத்தைப் பட்டினி போட்டபோது, சில மணித்தியாலங்களில் அதன் புன்வெற்றிடத்துக்குள் சிறு பொதிகள் குவிந்தன. கட்டிய குப்பை செரிக்கப்படாமல் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வழியில் தேடி, இந்த வேலைக்குத் தேவையான 15 பரம்பரையலகுகளை 1993இல் அறிவித்தார். 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பட்டினி கிடந்தது மதுவம். மனிதர்களின் நோன்பை அவர் ஆராயவில்லை. இதயநோய்க்கு மருந்தும் சொல்லவில்லை.

இதயத்தைப் பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். 2007இல் ஒசாக்கா பல்கலைக்கழகத்தினர் அந்தப் பரம்பரையலகுகளில் ஒன்றை வளர்ந்த எலிகளின் இதயத்தில் மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். இதயம் பெருத்து, சுருங்கும் சக்தி குறைந்தது. அதே வருடம் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. எலியின் இதயத்துக்கு இரத்தம் தடைப்பட்ட நேரத்தில் இந்தத் துப்புரவு கலங்களைக் காத்தது. இரத்தம் திரும்பப் பாய்ந்தபோது அதே துப்புரவு சேதத்தைக் கூட்டியது. ஆகவே கூடக் கூட நல்லது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வகுப்பில் நாம் இலைசோசோமைப் படத்தில் பெயரிடச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். இந்தக் கதையைச் சொல்வதில்லை. சொல்லாத இடத்தில்தான் வட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நமது வீடுகளில் சீனி, பிரஷர், இதயநோய் என்று மருந்து எடுக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் இருக்கிறார்கள். நோன்பே மருந்து என்ற செய்தியை நம்பி அவர்களில் ஒருவர் குளிசையை நிறுத்தினால், அதை அனுப்பிய நமக்கும் அதில் பங்குண்டு. நோன்பு கடமையாக்கப்பட்டது தக்வாவுக்காக என்று சூரா அல்பகரா சொல்கிறது. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகையும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. அல்லாஹ்வின் கட்டளைக்கு நோபல் பரிசின் சான்றிதழ் தேவையில்லை. அவன் தந்த சலுகையை ஒரு பொய்ச் செய்தியால் மறைக்கவும் நமக்கு உரிமையில்லை.

ரமழானுக்கு முன்னர் வருகிற கிளினிக் நாளில் வாப்பாவோடு நாமும் போவோம். நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் குளிசையை ஸஹரில் எடுப்பதா இஃப்தாரில் எடுப்பதா என்று வைத்தியரிடமே கேட்போம். மார்க்கம் பற்றிய சந்தேகத்தை ஆலிமிடம் கேட்போம். அந்தச் செய்தி மறுபடியும் வந்தால், இன்ஷா அல்லாஹ், நம்மோடு அது நின்றுவிடட்டும்.