யாருக்கு மலிவு?

எங்கள் மாடம்பாக்கம் வீட்டு மாடியில் ஒரு பெண் மூன்று மாதம் வாடகைக்குத் தங்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வாழ்பவர். அவருடைய ஊசி மருந்துகள் எங்கள் ஃபிரிஜ்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தன. “அங்க ஒருக்காச் செய்யிற காசில இங்க மூண்டு தரம் செய்யலாம், அக்கா. கோயில் கும்பிடப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்” என்றார்.

அந்தப் பொய்க்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இராமேசுவரத்துக்கும் திருக்கருகாவூருக்கும் போயிருக்கிறார்கள். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளைக் கேலி செய்யப் பழமொழியும் வைத்திருக்கிறோம். குறை ஆணிடம் இருந்தாலும் வசை அவளுக்கு; பயணமும் அவளுக்கு.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் இந்தச் சிகிச்சையில் வெற்றி கண்டார். இன்று லூயிஸ் பிறந்த நாட்டிலிருந்தே பெண்கள் சென்னைக்கு வருகிறார்கள்.

இங்கே செலவு குறைவதற்குச் சம்பளமும் வாடகையும் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொருத்தியின் கருமுட்டையோ கருப்பையோ தேவைப்படும்போது அவளுடைய வறுமையும் அந்த விலைக்குள் சேர்ந்துவிடுகிறது. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது, வாடகைத்தாய்கள் பெற்ற குழந்தைகளை இஸ்ரேல் விமானத்தில் அழைத்துக்கொண்டது. பெற்றவர்களில் பலர் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட ஏழைப் பெண்கள். அந்த ஆண்டு நவம்பரில் வெளிநாட்டினர் இந்தியாவில் வாடகைத்தாய் அமர்த்துவது தடைசெய்யப்பட்டது.

ஒரு நாள் மாலை மாடிப் படியில் உட்கார்ந்து அவர் கேட்டார்: “வேற ஆளின்ர முட்டைதான் வேணும் எண்டு டாக்டர் சொல்லிப்போட்டார். குடுக்கிற பிள்ளைக்கு எவ்வளவு குடுப்பினம், அக்கா?”

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 23 முதல் 35 வயது வரையுள்ள பெண், வாழ்நாளில் ஒரே ஒருமுறை கருமுட்டை தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. விற்பது குற்றம், அவளுக்குக் காப்பீடு உண்டு. மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் கட்டணம் உண்டு. வலியைத் தாங்குகிறவளிடம் மட்டும் தியாகத்தைக் கேட்கிறது சட்டம். தியாகத்தின் பெயரால் மூடப்பட்ட சந்தை மறைவில் நடக்கிறது. சட்டம் வந்த அதே ஆண்டு ஜூனில், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்டது வெளிவந்தது.

இதையெல்லாம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. ‘மலடி’ என்ற சொல்லுக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தவர் அவர். ஆனால் அவர் கேட்ட கேள்வியை, மலிவைப் பேசும் ஒவ்வொரு இடத்திலும் நாம் கேட்டாக வேண்டும்: கொடுக்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?