சுவர்ப் பெயின்ற் உரிகிறதா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு சண்டிலிப்பாய்க்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. மழை குடித்த சுண்ணாம்புச் சுவர்கள் மட்டும் நின்றன. இப்படியான சுவரில் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் பொருக்காக உரியும். உள்ளே இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து பூச்சைத் தள்ளிவிடும்.

பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் இறுக்கமாகச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்தான். கூரை ஒழுக்கையும் சுவரடியில் தேங்கும் தண்ணீரையும் சரிசெய்துவிட்டு, பங்குனி வெயில்வரை காயவிடுங்கள். அதற்குமுன் வேலை தொடங்குவது காசுக்குக் கேடு.

கழன்ற பெயின்றை மட்டும் சுரண்டினால் போதும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கிச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். வெள்ளையாகப் பூத்த உப்பைக் கழுவக்கூடாது, திரும்பவும் உள்ளே போய்விடும். காய்ந்த பிரசால் தட்டுங்கள்.

ஷெல் சிதறல் துளைகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். உள்ளே சிறிய இரும்புத் துண்டு தங்கினால் துருவேறிப் பூச்சை வெடிக்கவைக்கும், முதலில் எடுத்துவிடுங்கள். பெரிதாக ஏதும் தெரிந்தால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். (எங்கள் அம்மா ஒரு துளையை அடைக்க விடவில்லை.)

பெயின்ற் முழுதும் போன சுவருக்கு வெள்ளையடிப்பதே நல்லது. மிச்சப் பெயின்றில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே ஓரங்களை ஈரமாக்கி சான்ட்பேப்பரால் தேய்த்து, பிறைமரும் எமல்சனும் பூசுங்கள். கடையில் தண்ணீர் புகாதென்று காட்டும் பூச்சு உட்சுவருக்கு வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.