ஊரி என்னும் சொல்

வேலணையிலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவுக்குச் செல்வோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர் மடத்துவெளி. அவ்வூரின் கரையில் கடல்நீர் வற்றும் வேளையில் சிறு சங்கும் சிப்பியும் மணலோடு மணலாகச் சிதறிக் கிடக்கும். இவற்றையெல்லாம் யாழ்ப்பாணத்துத் தீவார் 'ஊரி' என்னும் ஒரு சொல்லால் வழங்குவர்.

ஊர்தல் என்பது மெல்ல நகர்தல். ஊர்வது ஊரி. உண்பது உண்ணி, கொல்வது கொல்லி என்றாவது போன்றதே இதுவும். பழைய அகராதிகள் ஊரி என்பதற்குச் சங்கு, மேகம், புல்லுருவி எனப் பொருள் கூறும். தொடர்பற்றவை போலத் தோன்றும் இம்மூன்றும் ஊர்தலால் ஓரினமாகின்றன: சங்கு கடலடி மணலில் ஊர்கிறது; மேகம் வானில் ஊர்கிறது; புல்லுருவி மரக்கிளையில் ஊர்ந்து படர்கிறது. ஆகவே, முதலில் பெயர் பெற்றது ஓடன்று, அதனுள் வாழ்ந்த உயிரே எனலாம். உயிர் நீங்கிய பின்னர் அதன் வெற்றோடும் அப்பெயரையே தாங்கிற்று. ஒல்லாந்தர் காலத்தில் இக்கடலில் குளித்தெடுத்த சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்கத்துக்குக் கப்பலேறின. விலைபெற்ற அப்பண்டத்துக்குச் சங்கு என்ற பெயரே நின்றது. விலைபெறாத கரைச்சிதறலுக்கு ஊரி என்பது எஞ்சியது போலும்.

வல்வெட்டித்துறையை அடுத்த ஊரிக்காட்டிலும், காரைநகரிலுள்ள ஊரி என்னும் குறிச்சியிலும் இச்சொல் மண்ணோடு நிலைத்துள்ளது. ஆயினும் 'ஊர' என்று தொடங்கும் பெயர்களையெல்லாம் இதனுள் அடக்குதல் பொருந்தாது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டார் வந்திறங்கும் துறையாக ஊராத்துறையைக் குறிக்கின்றது. இன்றைய ஊர்காவற்றுறை அதுவே. சிங்களத்தில் ஊரா என்பது பன்றி. பாளியில் 'சூகரதித்த', அதாவது பன்றித்துறை, எனப்பட்டதும் இத்துறையே என்பர் ஆய்வாளர் பலர். அங்கே சிப்பியைத் தேடுவது வீண்.

மடத்துவெளிக்கு அண்மையிலுள்ள ஊரதீவின் நிலை வேறு. அப்பெயர் ஊரைதீவு எனவும் எழுதப்படும். ஊரித்தீவு என்றிருந்தால் வல்லினம் மிகுந்திருக்க வேண்டும் என்று இலக்கணம் வல்லார் மறுக்கலாம். ஆனால் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் வல்லினம் மிகவில்லையே! ஊர் இருந்தமையால் ஊரதீவு ஆயிற்று என்பதிலும் வலுவில்லை. மக்கள் குடியிருந்த தீவுகள் அனைத்துக்கும் அது பொருந்துமன்றோ? இவ்வழக்கைத் தீர்க்க ஏட்டினும் மண்ணே பெருஞ்சான்று. 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவார் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர்; எந்தத் திடலைத் தோண்டினால் ஊரி வரும் என்று அறிந்த கிணறு வெட்டுவோரும் அவர்களோடு கரை கடந்தனர்.