மௌனத்தின் அவையில் இசை

சமய வரலாற்றில் இசை போற்றப்பட்டும் இருக்கிறது, விலக்கப்பட்டும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையால் உருவான குவேக்கர் சமூகம் அதை விலக்கிய கிறித்தவப் பிரிவுகளுள் ஒன்றாகும். பாதிரியாரோ பலிபீடமோ இல்லாத அவர்களது வழிபாட்டில் பாடலும் இல்லை. அனைவரும் மௌனமாக அமர்ந்திருப்பர். இறைத்தூண்டலை உணர்ந்தவர் மட்டுமே எழுந்து பேசுவார்.

இந்த விலக்கலுக்காக ஒருவர் எதை இழக்க நேர்ந்தது என்பதைச் சாலமன் எக்கிள்ஸின் வாழ்வில் காண்கிறோம். இசைக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் இசை பயிற்றுவித்து நன்கு பொருளீட்டியவர் அவர். 1660ஐ ஒட்டிக் குவேக்கரானதும் தம் இசைக்கருவிகளை விற்றுவிட்டார். ஆயினும் மனம் அமைதியுறவில்லை. தமக்குத் தீதெனப் பட்டதைப் பிறருக்கு விற்பது எங்ஙனம் நேர்மையாகும்? விற்றவற்றை மீண்டும் விலைக்கு வாங்கி, டவர் ஹில் மேட்டில் தீயிட்டார். தடுக்க முயன்றோர் முன்னிலையிலேயே அவற்றை மிதித்து நொறுக்கினார். 1667இல் அவர் வெளியிட்ட நூல் ஓர் உரையாடல். அதில் இசையை இறைவனின் கொடையெனப் போற்றும் இசைவாணர் ஒருவரும் வாதிடுகிறார். எக்கிள்ஸ் தம் பழைய வாழ்வோடு நடத்திய வழக்கென்றே அதை நாம் கொள்ளலாம்.

எனினும் குவேக்கர்களின் மறுப்பு ஓசையின் மீது மட்டும் எழுந்ததன்று. இறையியலாளர் ராபர்ட் பார்க்ளே 1676இல் லத்தீனில் வெளியிட்ட நூல் இதைத் தெளிவாக்குகிறது. தாவீதின் துயரையும் மகிழ்வையும் உணராத ஒருவர், சபையோடு சேர்ந்து அவருடைய சங்கீதங்களைத் தமதெனப் பாடுவது பொய்யுரைப்பதாகும் என்பது அவர் வாதம். உள்ளத்தில் ஆவியின் தூண்டலால் தானாக எழும் பாடலை அவர் மறுக்கவில்லை.

வரலாறு வேறு திசையிலும் நடந்தது. அமெரிக்கக் குவேக்கர் கவிஞர் விட்டியர், சடங்கின் ஆரவாரத்தைக் கண்டித்து 1872இல் ஒரு கவிதை எழுதினார். அமைதியை வேண்டும் அதன் இறுதிப் பகுதி, இன்று பல திருச்சபைகளில் பெரிதும் பாடப்படும் துதிப்பாடல்! 1902இல் குவேக்கர் ஊழியம் வேரூன்றிய மேற்குக் கென்யாவிலோ வழிபாடே பாடலால் நிறைந்திருக்கிறது. உலகில் குவேக்கர்கள் மிகுதியாக வாழும் நாடும் கென்யாவே.

பிரிட்டனின் குவேக்கர் கூட்டங்கள் பெரும்பாலும் இன்றும் மௌனத்திலேயே கூடுகின்றன. ஒரே சமூகத்தின் இவ்விரு வழிகளையும் முரண்பாடு எனத் தள்ளிவிட இயலாது. நாவில் வருவது நெஞ்சில் உள்ளதா என்னும் கேள்வியே எக்கிள்ஸைத் தீ மூட்டச் செய்தது. பாடுவோரும் மௌனிப்போரும் அக்கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.