புது லாரியின் முதல் எண்ணெய்

பெரணமல்லூர்ச் சாலையில் நெல் மூட்டைகளுடன் விரையும் லாரியின் வரலாறு, 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டியதில் தொடங்குகிறது. நம் நாட்டில், 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1954இல் டாட்டாவின் மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் ஜாம்ஷெட்பூரிலிருந்து வெளிவந்தன.

புது வண்டி வாங்கியவர்க்கு அக்காலத்தில் கூறப்பட்ட அறிவுரை ஒன்றுண்டு: சில நூறு மைல் ஓடியதுமே எண்ணெயை வடித்துவிடுக. ஏன்? கடைந்தெடுத்த உலோகப் பரப்பு கண்ணுக்கு வழவழப்பாய்த் தோன்றினும், அதில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் உராய்ந்து ஒன்றுக்கொன்று இணங்கும் வரை, அம்மேடுகள் தேய்ந்து துகள்களாய் எண்ணெயிற் கலக்கும். வார்ப்பு மணலும் சிறிது எஞ்சியிருக்கக்கூடும். இவை பேரிங்குகளைச் சுரண்டத் தொடங்கின், கடன்பட்டு வாங்கிய வண்டி தவணை முடியுமுன்னரே பட்டறையில் நிற்கும். எஞ்சின் சூடாயிருக்கும்போதே வடிப்பதும் இதன்பொருட்டே. ஆறிவிட்டால் துகள்கள் அடியில் தங்கிவிடும்.

டீசலுக்குப் புகைக்கரி என்னும் தொல்லை வேறு. 1930களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் எஞ்சின்களில் வளையங்கள் கரியால் ஒட்டிக்கொண்டன. அழுக்கைக் கழுவும் தன்மையுடைய எண்ணெய் அதனால்தான் பிறந்தது.

இன்று கடைசல் நுட்பமும் வடிகட்டியும் தேர்ந்துள்ளமையால், பல எஞ்சின்களுக்கு முதல் மாற்றம் வழக்கமான தவணை வரை பொறுக்கும். சிலவற்றிற்கு முன்னதாகவே வேண்டும். பழைய மைல் கணக்கை ஒப்பிக்கும் மெக்கானிக்கைவிட, வண்டியோடு வரும் கையேட்டையே நான் நம்புவேன். புழுதிச் சாலையில் பெரும்பாரம் சுமக்கும் லாரிக்கு, குறுகிய தவணை ஒன்று பெரும்பாலும் அதிலேயே தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.