சர்வருக்குக் காய்ச்சல் வந்தா யார் சொல்றது?

தேனாம்பேட்டையில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன ஆபீஸ். மே மாசம், ஞாயிற்றுக்கிழமை, ஏசி நின்னுபோச்சு. திங்கட்கிழமை காலையில போய்ப் பார்த்தா லினக்ஸ் சர்வர்ல ரெண்டு டிஸ்க் காலி. சூடு ஏறுவது சர்வருக்குத் தெரியும். உள்ளேயே சென்சார் இருக்கு. நாங்கதான் கேட்கலை.

அப்படிக் கேட்பதற்கான மொழி 1988-லேயே வந்துவிட்டது: எஸ்என்எம்பி. ஜெஃப் கேஸ் உட்பட நான்கு பேர் எழுதியது. "சூடு எவ்வளவு? ஃபேன் எவ்வளவு வேகம்?" என்று 161-ஆம் போர்ட்டில் கேட்டால், கருவி ஒரு எண்ணைப் பதிலாகத் தரும். அவசரம் என்றால் அதுவே நம்முடைய 162-ஆம் போர்ட்டுக்குத் தகவல் அனுப்பும், அதுதான் ட்ராப். பெரிய ஐஎஸ்ஓ தரம் தயாராகும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் இதை நினைத்தார்கள். எளிமையாக இருந்ததால் இதுவே நிலைத்துவிட்டது.

இந்தக் கதையில் நம்ம ஊரும் உண்டு. 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட், நெட்வொர்க் கருவி தயாரிப்பவர்களுக்கு எஸ்என்எம்பி மென்பொருள் விற்றது. உருவாக்கியது சென்னைப் பொறியாளர்கள். டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் குறைந்ததும் வேறு மென்பொருள்களுக்கும் நகர்ந்தது. 2009-ல் அதன் பெயர் ஸோஹோ ஆனது.

அப்புறம் நாங்க என்ன செஞ்சோம்? சர்வரில் எல்எம்-சென்சார்ஸும் எஸ்என்எம்பிடியும் போட்டு, இன்னொரு மெஷினை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்க வெச்சோம். அந்த மெஷினை மட்டும் அதே ரூம்ல வைக்கலை. ஏசி நின்னா அதுவும் சேர்ந்து படுத்துடுமே!