யாருடைய பெயர் கசிகிறது?

அரசியல் சார்ந்த பாலியல் விவகாரம் எதிலும் இரண்டு பெயர்கள் மறைவில் இருக்கின்றன. ஒன்று செல்வாக்குள்ள ஆணின் பெயர். மற்றொன்று பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், அல்லது அந்தச் சேற்றில் இழுத்துவிடப்பட்ட பெண்ணின் பெயர். முதற்பெயர் விசாரணைக்கு வர வேண்டும், இரண்டாம் பெயர் காக்கப்பட வேண்டும் என்பதே சட்டமும் நாகரிகமும் ஒருங்கே சொல்வது. நம் ஊர் வரலாற்றைப் புரட்டினால் பெரும்பாலும் நேர்மாறாகவே நடந்து வந்திருப்பதைக் காண்கிறோம். யார் ஆண்டார்கள், யார் எதிர்த்தார்கள் என்பது மாறியிருக்கிறது; எந்தப் பெயர் கசிகிறது என்பது அவ்வளவாக மாறவில்லை.

*

சென்னையில் வம்பு ஒரு வாணிபமாக உருக்கொண்ட காலத்தை இரண்டாம் உலகப்போர் ஆண்டுகளில் வைக்கலாம். சி. என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற இதழை நடத்தினார். அதன் உரிமம் ஆளுநர் ஆர்தர் ஹோப் காலத்தில் ரத்தான பிறகு 'இந்து நேசன்' வழியாக அதே தொழிலைத் தொடர்ந்தார். நடிகர், நடிகையர், செல்வந்தர் ஆகியோரின் படுக்கையறைச் செய்திகளே அதன் சரக்கு. அச்சிடுவதற்கு ஒரு விலையும் அச்சிடாமலிருக்க அதைவிடப் பெரிய விலையும் இருந்ததாக அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில், தம் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்புகையில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டிக்கப்பட்டதும், பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கில் 1947 ஏப்ரலில் விடுதலையானதும் நாம் அறிந்த கதைதான்.

அக்கதையை நாம் எப்போதும் இரு ஆண்களின் வீழ்ச்சியாகவே சொல்லி வந்திருக்கிறோம். வாராவாரம் அவ்விதழில் பெயரும் குறிப்புமாக அலசப்பட்ட நடிகையருக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் வரலாறு எழுதவில்லை. அவ்விதழை மறைத்து வைத்து வாசித்த கண்ணியவான்களே அதை நடத்தியவனைக் கயவன் என்றும் ஏசினார்கள். இந்த இரட்டை நாக்கு பின்னர் கட்சிகளுக்கும் வாய்த்தது.

*

அடுத்த பெரிய நிகழ்வு நகரின் தென்கோடியில் தொடங்குகிறது. 1988இல் திருவான்மியூர்ப் பகுதியில் காணாமற்போனவர்களைத் தேடத் தொடங்கிய காவல்துறை, ஆறு கொலைகளை வெளிக்கொணர்ந்தது. ஆட்டோ ஓட்டி, சாராயம் கடத்தி, பின்பு பாலியல் தொழில் நடத்திய கௌரிசங்கர் 'ஆட்டோ சங்கர்' என்ற பெயரில் தமிழகமெங்கும் அறியப்பட்டார். 1990இல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒடிசாவின் ரூர்கேலாவில் மீண்டும் பிடிபட்டார். 1991 மே மாதத்தில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது.

அந்த ஆண்டிலேயே அவர் ஏறத்தாழ முந்நூறு பக்கங்களில் தன்வரலாறு எழுதி, மனைவி வழியாக வழக்கறிஞருக்கு அனுப்பினார் என்பது 'நக்கீரன்' இதழின் கூற்று. இ.ஆ.ப., இ.கா.ப. அதிகாரிகள் பலருடன் தமக்கிருந்த நெருக்கத்தை அதில் விவரித்திருந்தார் எனவும் இதழ் கூறியது. 1994 மே மாதம் அதைத் தொடராக வெளியிடப்போவதாக இதழ் அறிவித்தது. ஜூன் 15 அன்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. கைதி அப்படி எதையும் எழுதவில்லை என்று எழுத்து மூலம் மறுத்திருக்கிறார், வெளியிடுவது சிறை விதிகளுக்கு முரணானது, மீறினால் சட்ட நடவடிக்கை உண்டு என்பது அதன் சாரம். இதழாசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டியும் எஸ். சி. சென்னும் அளித்த தீர்ப்பு இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். தன்மறைவுரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் உள்ளடங்கியது. ஒருவர் வாழ்வைப் பற்றி அவர் ஒப்புதலின்றி எழுதுதல் கூடாது. ஆயினும் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்றதை எழுதலாம். அதிகாரிகள் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தத் திரையைக் கோர முடியாது. தம்மைப் பற்றி அவதூறு வரக்கூடும் என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிக்கோ இல்லை. வெளிவந்த பின் வழக்குத் தொடரலாம், அவ்வளவே. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் வகுத்த நெறி இங்கே ஒரு தமிழ் வார இதழுக்குத் துணை நின்றது.

அத்தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. அதுவே நம் பொருளுக்கு முதன்மையானது. பொது ஆவணத்தில் இருப்பினும், பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவளை மேலும் இழிவுக்கு ஆளாக்கக் கூடாது என்று நீதிபதிகள் தனியே குறித்துவைத்தனர். அதிகாரியின் மேலுள்ள திரையை விலக்கிய அதே கை, பெண்ணின் மேல் ஒரு திரையைப் போர்த்தியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் தன்மறைவுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தபோது எடுத்தாண்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். கொலையாளியின் சொல்லை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அச்சொல்லைச் சோதித்துப் பார்க்க வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. 1988க்கும் 1995க்கும் இடையில் குடியரசுத் தலைவர் ஆட்சி, தி.மு.க. ஆட்சி, அ.தி.மு.க. ஆட்சி மூன்றையும் தமிழகம் கண்டது. எதிர்க்கட்சியாக இருக்கையில் கேட்கும் கேள்வியை ஆளுங்கட்சியானதும் மறந்துவிடும் கலை இந்த ஆண்டுகளில்தான் நமக்குப் பழகியது என்று தோன்றுகிறது.

*

வம்பு அரசியல் ஆயுதமாவதற்கு அனைத்திந்திய முன்னுதாரணம் 1978இல் கிடைத்தது. ஜனதா அரசின் மூத்த அமைச்சர் ஜகஜீவன்ராமின் மகனும் ஒரு மாணவியும் இருந்த படங்களை, மேனகா காந்தி ஆசிரியராக இருந்த 'சூர்யா' இதழ் வெளியிட்டது. பிரதமர் பதவிக்குப் பேசப்பட்ட தலித் தலைவர் ஒருவரின் எதிர்காலம் அதனால் குலைந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அப்படத்தில் இருந்த பெண்ணின் எதிர்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

வடசென்னைக்கு இது 2018 அக்டோபரில் வேறு வடிவில் வந்தது. ராயபுரம் சட்டமன்ற உறுப்பினரும் அன்றைய மீன்வளத்துறை அமைச்சருமான டி. ஜெயக்குமார் பேசியதாகக் கூறி ஓர் ஒலிப்பதிவு கைப்பேசிகளில் பரவியது. அது தம் குரலன்று, புனையப்பட்டது என அவர் மறுத்தார்; சசிகலா குடும்பத்தாரின் சதி என்றார். எந்த நீதிமன்றமும் அப்பதிவை மெய்யென்று நிறுவவில்லை. ஆகவே அதன் உள்ளடக்கம் பற்றி நாம் சொல்ல ஏதுமில்லை. நாம் கவனிப்பது, ஒரே கட்சியிலிருந்து பிரிந்த இரு அணிகள் அதை எப்படிக் கையாண்டன என்பதைத்தான். பதிவை வெளியிட்டது யார் என்ற சண்டையில் அதில் குறிப்பிடப்பட்ட பெண், பந்தயத்தில் வைத்த பொருளைப் போல் ஆனார்.

அந்த அமைச்சரிடம் கேட்பதற்கு அத்தொகுதியினருக்கு வேறு கேள்விகள் இருந்தன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, இளைஞர்கள் வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. திருவொற்றியூர்க் கரை வரை வலைகளில் கரிய பிசுக்கு ஏறியது. அதே ஆண்டின் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரிக் கடலோர மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. மீன்வளத்துறையைக் கேள்வி கேட்பதற்கு இவை போதும். படுக்கையறை வம்பு இத்தகைய கேள்விகளுக்குத் துணை செய்வதில்லை. அவற்றின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது.

*

இரட்டை அளவுகோலைத் துல்லியமாக நிறுத்துப் பார்க்க அண்மை வரலாறே இரண்டு தட்டுகளைத் தந்திருக்கிறது.

முதல் தட்டு பொள்ளாச்சி. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் அளித்தார். மார்ச்சில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர் முன்னிலையில் அவர் பெயரைச் சொன்னார். வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றிய அரசாணையிலும் அவர் அடையாளம் இருந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆட்சியில் அ.தி.மு.க.; வீதியில் தி.மு.க. 2021 ஜனவரியில் பொள்ளாச்சி நகர அ.தி.மு.க. மாணவரணிச் செயலாளரே கைதானார்; கட்சி அவரை நீக்கியது.

இரண்டாம் தட்டு அண்ணா பல்கலைக்கழகம். 2024 டிசம்பர் 23 இரவு ஒரு மாணவி வளாகத்திற்குள் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியானது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் இ.கா.ப. அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்ததோடு, இடைக்கால இழப்பீடாக அதே 25 லட்சம் ரூபாயை விதித்தது. இம்முறை ஆட்சியில் தி.மு.க.; வீதியில் அ.தி.மு.க. 'யார் அந்தச் சார்?' என்ற சுவரொட்டி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. குற்றவாளி கட்சி உறுப்பினர் அல்லர், அனுதாபிதான் என்று முதல்வர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் விளக்கினார்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. பதினைந்து நாள் கழித்து, மே 28 அன்று, சென்னை மகளிர் நீதிமன்றம் ஞானசேகரனைக் குற்றவாளி என்றது. ஜூன் 2 அன்று, முப்பதாண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை அறிவிக்கப்பட்டது. பொள்ளாச்சித் தீர்ப்பு வந்த அன்றே அதன் பெருமைக்கு இரு கட்சிகளும் உரிமை கோரின. மத்தியப் புலனாய்வுக்கு மாற்றியது நாங்கள் என்றது ஒன்று. குற்றவாளி உங்கள் நிர்வாகி என்றது மற்றது.

இரு வழக்குகளும் எல்லா வகையிலும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பலரை ஆண்டுக்கணக்கில் வதைத்தது. கிண்டியில் தண்டனை பெற்றவர் ஒருவரே. புலன்விசாரணையின் வேகமும் வேறு. ஆனால் இரண்டிலும் முதலில் கசிந்தது புகார் அளித்த பெண்ணின் அடையாளம். இரண்டிலும் கசிந்தது அரசின் காப்பிலிருந்து. கசிவை ஒரு கட்சி தன் ஆட்சியில் தவறுதல் என்றது, எதிரியின் ஆட்சியில் சதி என்றது. பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதலே தண்டனைக்குரிய குற்றம். நாற்பதாண்டுப் பழமையுள்ள அச்சட்டத்தை அரசு அலுவலகங்களே கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு விவகாரத்தில் நாம் கட்சிக்காரராக நிற்கிறோமா, குடிமகனாக நிற்கிறோமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. செய்தியில் உள்ள கட்சிப் பெயர்களை இடம் மாற்றி வைத்துப் படித்துப் பார்க்கலாம். அப்போதும் அதே சினம் எழுமானால் அது அறச்சீற்றம். தணிந்துவிடுமானால் அது தேர்தல் வேலை. 'இந்து நேசன்' படித்த பாட்டனார் காலத்திலிருந்து நம்மிடம் மிஞ்சியிருப்பது ஆர்வம். ராஜகோபால் வழக்கின் தீர்ப்பு கேட்டது வேறொன்றை: அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி அஞ்சாமல் எழுதும் துணிவையும், புகார் அளித்தவளைப் பற்றி எழுதாமலிருக்கும் அடக்கத்தையும். அடுத்த புகாரோடு காவல் நிலையப் படியேறும் பெண், தன் பெயர் வெளியே வராது என்று நம்பி ஏற வேண்டும். அந்த நம்பிக்கையை 2019இலும் 2024இலும் அரசு இருமுறை உடைத்தது என்பதை, எந்தக் கட்சி ஆண்டாலும், நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.